கடைசி மாதமும் முதல் நோட்டும்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார அறிவியல் ஆசிரியர்கள் கூடிய ஒரு நாள் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘அறிவியல் ஆய்வும் பள்ளி ஆசிரியரும்’. தலைப்பு பெரிது, நேரம் சிறிது. அதனால் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் அறிவியல் ஆய்வு செய்யும் ஒருவர் தன் ஆய்வேட்டை முடித்து, பைண்டிங் செய்து, அலுவலகத்தில் கொடுக்கும் வரையிலான கடைசி ஒரு மாதம். அந்த மாதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு வெப்பநிலைமானி காட்டுகிற நமக்கும் பிஎச்.டி. ஆய்வேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனாலே ஊரில் பேச்சாக இருக்கும். இன்று நாம் ஆறாம் வகுப்பில் பார்த்த பிள்ளைகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், காரைக்குடி அழகப்பாவிலும், காந்திகிராமத்திலும், அதற்கு அப்பாலும் ஆய்வு செய்கிறார்கள். தறி ஓட்டுகிறவர் மகள், மிளகாய்க் காட்டில் கூலி வேலை பார்ப்பவர் மகன், கரிமூட்டம் போடுகிறவர் வீட்டுப் பிள்ளை என்று முதல் தலைமுறையாகப் படித்தவர்களே அதிகம். ஆய்வில் ஒரு சிக்கல் வந்தால் வீட்டில் சொல்லிப் புரியவைக்க ஆள் இல்லை. அவர்கள் போன் போடுவது யாருக்கு? நமக்குத்தான். ‘டீச்சர், நல்லா இருக்கீங்களா?’ என்று தொடங்கும் அந்த அழைப்பு, பெரும்பாலும் அந்தக் கடைசி மாதத்தில்தான் வருகிறது.

அந்த மாதத்தில் என்ன நடக்கிறது?

சோதனைகள் முடிந்துவிட்டன, இனி எழுதுவதுதான் பாக்கி என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

முதலாவது தரவு. மூன்றாம் இயலில் 42 மாதிரிகள் எடுத்ததாக எழுதியிருக்கும். நான்காம் இயலின் அட்டவணையில் 41 வரிசைதான் இருக்கும். ஒன்று எங்கே போனது? ஓரிடத்தில் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், இன்னோரிடத்தில் வேறு அலகிலும் எண்கள் இருக்கும். வரைபடம் போட்ட மூலக் கோப்பு பழைய லேப்டாப்பில் இருக்கும், அந்த லேப்டாப் திறக்காது.

இரண்டாவது எழுத்து. உள்ளே 2014 என்று குறிப்பிட்ட கட்டுரை, பின்னால் உள்ள பட்டியலில் 2013 என்று இருக்கும். பிறகு ஒப்புமைச் சோதனை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி எழுதித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

மூன்றாவது அலுவலகம். நூலகம், விடுதி, ஆய்வகம் மூன்றிலும் ‘நோ டியூஸ்’ வாங்க வேண்டும். செலான் கட்ட வேண்டும். ஆய்வுச் சுருக்கம் முதலில், ஆய்வேடு பிறகு. நெறியாளர் கையெழுத்துப் போடும் நாளில் துறைத்தலைவர் ஊரில் இருக்கமாட்டார். டிடிபி சென்டரில் எழுத்துரு மாறிப்போய் கிரேக்க எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். பைண்டிங் கடையில் அட்டை நிறம் தீர்ந்துபோயிருக்கும்.

இவை போதாதென்று வீடு. கல்யாணம், காதுகுத்து, ஊர்ப் பொங்கல் எல்லாம் அந்த மாதத்தில்தான் வரும். ‘இன்னும் எழுதியே முடிக்கலையா?’ என்ற கேள்வி தினமும் ஒரு முறையாவது வரும். பெண் என்றால் அந்தக் கேள்வியோடு சமையலும் குழந்தையும் சேர்ந்தே வரும். தூக்கம் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று குறையும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நான் சொன்னவற்றில் அறிவுக்குறைவால் வரும் துன்பம் எது? அனேகமாக எதுவும் இல்லை. எல்லாம் தேடுகிற துன்பம். எழுதி வைக்காததைத் தேடுவது, எழுதி வைத்த இடத்தைத் தேடுவது, எழுதியது சரிதானா என்று தேடுவது. கடைசி மாதம் எப்படி இருக்கும் என்பது முதல் மாதத்து நோட்டிலேயே முடிவாகிவிடுகிறது. நோட்டு எழுதப் பழக்குவது யார் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் தினமாக ஒவ்வொரு ஆண்டும் பள்ளியில் கொண்டாடுகிறோம். சர் சி.வி.ராமன் படத்தை வைக்கிறோம். அந்தக் கண்டுபிடிப்பில் உடன் உழைத்தவர் நம் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் என்பதை எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்? திருவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி, அங்கிருந்து கல்கத்தா. நாம் பஸ் ஏறும் அதே ஊர்களின் வழியாகப் போனவர் அவர்.

1928 பிப்ரவரியில் கல்கத்தா ஆய்வகத்தில் நடந்ததைக் கிருஷ்ணன் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். என்ன திரவம் எடுத்தோம், என்ன பார்த்தோம், பேராசிரியர் என்ன சொன்னார் என்று அன்றன்றைக்கு எழுதினார். ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் அந்தக் குறிப்பு ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31-இல் வெளியானது. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாட்களில் எது எப்போது நடந்தது என்று இன்றைக்கு எழுதுகிறவர்கள் கிருஷ்ணனின் நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். கருவிகள் பழசாகிவிட்டன. தேதி போட்டு எழுதிய பக்கங்கள் பழசாகவில்லை.

பட்டம் கிடைக்காத ஓர் ஆய்வேடு

ஆய்வேடு என்றாலே என் நினைவுக்கு முதலில் வருபவர் அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து 1939-இல் பி.எஸ்சி. ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940-இல் உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

தோடு வேண்டாம் என்றவருக்கு அங்கே கிடைத்த வேலை வைரங்களை ஆராய்வது! முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்தலை அவர் நிறமாலையாகப் பதிவு செய்தார். சில வைரங்கள் மிக மங்கலாகவே ஒளிரும். அந்த ஒளி புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். படிகத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்திருக்க வேண்டும். இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்தார். 1942 முதல் 1945 வரை தனி ஒருவராகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டை முடித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பெங்களூரில் செய்யும் ஆய்வுக்கு அப்போது பட்டம் வழங்கியது அந்தப் பல்கலைக்கழகம்தான்.

பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வில் குறை என்று யாரும் சொல்லவில்லை. எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளைப் போலவே பைண்டிங் செய்யப்பட்டு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

நம் வட்டாரத்துக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி முதல் பல கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலம். ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழி செய்தார். 1957-58-இல் நடந்த உலகப் புவி இயற்பியல் ஆண்டின்போது, நாட்டில் விழும் வெயிலை அளக்க நிலையங்களின் வலையமைப்பை ஏற்படுத்தினார். தவறான அளவீடு, அளவீடே இல்லாததைவிட மோசம் என்பது அவர் பிடித்த பிடி. 1976-இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1980-இல் இந்தியாவுக்கான சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேட்டை வெளியிட்டார்.

நமக்குப் பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ஓரிடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்ற கணக்கு இல்லாமல் இப்படி ஒரு நிலையத்தைத் திட்டமிட முடியாது. நாம் சபிக்கிற இந்த வெயிலை நாட்டில் முறையாக அளக்க அடித்தளம் போட்டவர், எம்.எஸ்சி. இல்லை என்று பிஎச்.டி. மறுக்கப்பட்ட அந்த அம்மாதான்.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி மாதத்தில் இருக்கும் பிள்ளைக்கு, கையெழுத்து விழுவதும் விழாமல் போவதும் வாழ்வா சாவா என்று தோன்றும். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பட்டம் மிகவும் வேண்டும், அதில்தான் வேலை இருக்கிறது. ஆனால் பட்டம் அலுவலகம் கொடுப்பது. அளவீடு நாம் கொடுப்பது. அலுவலகம் தாமதித்தாலும், மறுத்தாலும், சரியாக எடுத்த அளவீடு சரியாகவே இருக்கும்.

இன்னொரு செய்தி. ஏடு தடிமனாக இருக்க வேண்டும் என்று பக்கம் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அறிவியலில் பிஎச்.டி. பெற்ற முதல் இந்தியப் பெண்மணி கமலா சோஹோனி 1939-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி பற்றிய அவரது ஆய்வேடு 40 பக்கம்தான்.

அந்த ஒரு கிணறு

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. பெயரும் ஊரும் வேண்டாம்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அப்பா அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறார், அம்மாவுக்குக் காட்டு வேலையும் நூறு நாள் வேலையும். அந்தப் பெண் என்னிடம் ஒன்பது, பத்து படித்தவள். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளைப் பற்றி ஆய்வு செய்தாள். கல்யாணம் ஆகி, கைக்குழந்தை வந்து, ஆறாவது ஆண்டில் ஏட்டை முடிக்கும் கட்டத்துக்கு வந்தாள். சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் அச்சடித்த மூன்று இயல்களையும், தண்ணீர் எடுக்கப் போனபோது எழுதிய நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ‘டீச்சர், எதைத் தொட்டாலும் தப்பா இருக்கு. என்னால முடியல’ என்றாள். அவள் ஆய்வின் ஆழம் எனக்குத் தெரியாது. நான் எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். ஆனால் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று உண்டு. உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதிப்பெண் பட்டியல் சரிபார்ப்பது. ஒருவர் வாசிக்க, ஒருவர் டிக் அடிப்பது. ‘நீ நோட்டைப் பார்த்து வாசிம்மா, நான் ஏட்டுல டிக் போடுறேன்’ என்றேன்.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். எட்டு இடத்தில் எண் மாறியிருந்தது. அவள் பயந்ததைவிட மிகக் குறைவு. முகம் தெளிந்தது.

இரண்டாம் நாள் ஒரு கிணற்றின் வரிசை வந்ததும் வாசிப்பதை நிறுத்தினாள். ‘டீச்சர், இந்த ஒண்ணை மட்டும் விட்டுறலாம்னு பார்க்கிறேன். சுத்தி இருக்கிற கிணறு எல்லாம் உப்பு. இது மட்டும் ரொம்பக் குறைவா வருது. இதைச் சேர்த்தா வரைபடம் கோணுது, விளக்கம் சொல்லத் தெரியல. ஒண்ணுதானே, யாரும் கேக்க மாட்டாங்கன்னு கூடப் படிக்கிறவங்க சொல்றாங்க.’

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு கேள்வி கேட்டேன். முதல் கேள்வி, ‘சோதனை சரியா இருக்கா?’ தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. பத்தாம் வகுப்புக்கே சொல்லலாம். கரைந்த உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிந்து நிற்கும். கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் நேர்மின் பக்கம். குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், நைட்ரேட் எதிர்மின் பக்கம். தண்ணீருக்கு மொத்தத்தில் மின்னேற்றம் கிடையாது. ஆகவே இரண்டு பக்க மின்னேற்றத்தின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். நடைமுறையில் 5 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் எங்கோ ஒரு சோதனை பிசகியிருக்கிறது. அந்தக் கிணற்றுக்குப் போட்டுப் பார்த்தாள். கணக்கு ஒட்டியது.

இரண்டாவது கேள்வி, ‘இது அந்தக் கிணத்துத் தண்ணிதானா? பாட்டில் மாறலையே?’ நோட்டைப் பிரித்தோம். பென்சிலில், தமிழில் எழுதியிருந்தாள். தேதி, நேரம், கிணற்றுக்குப் போகும் வழி, யார் வாளி கொடுத்தார்கள் என்பது வரை இருந்தது. பாட்டில் எண்ணும் பொருந்தியது.

அப்போது அவளைக் கூட்டிப் போக வந்த அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து குழந்தையை வைத்திருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, ‘எந்தக் கிணறும்மா?’ என்றார். இடத்தைச் சொன்னதும், ‘அது நல்லதண்ணிக் கிணறுல்ல! அந்தத் தண்ணியத்தான ஊரே குடிக்குது. மத்ததெல்லாம் புழங்கத்தான் ஆகும்’ என்றார்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அவளுக்கும்தான். ஊர் குடிக்கிற ஒரே கிணற்றை, வரைபடம் கோணுகிறது என்பதற்காக ஏட்டிலிருந்து எடுக்க இருந்தோம். அந்த எண் தவறாக இல்லை. எல்லாக் கிணறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் தவறாக இருந்தது.

நெறியாளரிடம் பேசி, பத்து நாள் கூடுதலாகக் கேட்டாள். அவர் ஒத்துக்கொண்டார். மறுபடி அந்தக் கிணற்றில் நீர் எடுத்துச் சோதித்தாள். அப்போதும் அப்படியே வந்தது. ஏன் அப்படி என்பதற்கு அவளிடம் விடை இல்லை. கண்மாய் பக்கத்தில் இருப்பது காரணமாக இருக்கலாம், அதை நிறுவ வேறு ஆய்வு வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி, கிணற்றை அதன் இடத்திலேயே வைத்தாள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிகம் கேட்டது அந்தப் பத்தியைப் பற்றித்தான். ‘தெரியவில்லை ஐயா, ஆனால் இரண்டு முறை அளந்தேன்’ என்று சொன்னாளாம். பட்டம் கிடைத்தது.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில

அந்தக் கூடுதல் பத்து நாளைக் கேட்கவே அவள் பயந்தாள். கால வரம்பு பற்றி நம் பிள்ளைகளுக்குச் சரியான தகவல் தெரிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு தரலாம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தன் துறையில் நான்கு ஏடுகளைத் திறந்து பார்த்தால், எப்படி எழுதுவது என்ற பயம் பாதி போய்விடும்.

கோப்பை மூன்று இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பியது ஒன்று. தினமும் இரவு தேதி போட்டுச் சேமிக்க வேண்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைத்தால் எது கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது.

வீட்டாரிடம் நாம் ஒரு வார்த்தை பேசினால் பலன் உண்டு. ‘டீச்சரே சொல்றாங்க’ என்பதற்கு நம் ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது. ஒரு மாதம் விசேஷங்களுக்கு அழைக்காதீர்கள், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமியாரிடம் நேரில் போய்ச் சொன்னால் கேட்கிறார்கள். பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பேச்சில் விரக்தி தெரிகிறது என்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணைக் கொடுப்பதோடு, கூட உட்கார்ந்து அழைக்க வையுங்கள். எந்த ஏடும் ஓர் உயிரைவிடப் பெரிதில்லை.

நம் வகுப்பில்

கடைசி மாதம் முதல் நோட்டில் இருக்கிறது என்றேன். அந்த முதல் நோட்டு நம் கையில் இருக்கிறது. பிள்ளைகள் ஆய்வுக்குப் போகிறார்களோ இல்லையோ, இந்தப் பழக்கம் தறிக் கணக்குக்கும் உதவும், விவசாயக் கணக்குக்கும் உதவும்.

பத்தாம் வகுப்பில் குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனை. பத்துப் பேர் செய்கிறார்கள். பத்துப் பேர் நோட்டிலும் ஒரே விடை, புள்ளி பிசகாமல். அது எப்படி முடியும்? தானாக அளந்து 9.6 செ.மீ. என்று எழுதியவன் பக்கத்தில் பார்த்து 10 என்று திருத்துகிறான், ஏனென்றால் நாம் 10-க்குத்தான் முழு மதிப்பெண் போடுவோம் என்று அவனுக்குத் தெரியும். ஒத்துவராத கிணற்றை எடுத்துவிடும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. 9.6 எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். எப்படி அளந்தாய் என்று கேளுங்கள். மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள்.

தவறாக எழுதியதை அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அடித்தது என்ன என்று பிறகு வாசிக்க முடிய வேண்டும். வெளியில் அளக்கப் போகும்போது பென்சில். மை தண்ணீர் பட்டால் கரையும். தேதி, நேரம், இடம், அளந்தவர் பெயர், அலகு ஆகிய ஐந்தும் இல்லாத எண்ணை எண்ணாகவே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வானவில் மன்றச் செயல்பாடுகளும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு ஆய்வுகளும் இதற்கு நல்ல வாய்ப்பு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘எங்களுக்கு ஒத்துவராதது’ என்று ஒரு தலைப்பு வைக்கச் சொல்லுங்கள். அங்கே ஒன்றுமே இல்லை என்றால், அந்த அறிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி வைப்போம். பெரிய செலவு இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்கும், அடி தட்டையான ஒரு பாத்திரம், ஒரு ஸ்கேல், மரமும் சுவரும் மறைக்காத இடம் போதும். பாத்திரத்தில் 1 மில்லிமீட்டர் உயரம் நின்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. வானிலைத் துறை மழை அளக்கும் நேரம் காலை 8.30. நாமும் அதே நேரத்தில் அளப்போம். விடுமுறை நாட்களுக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பொறுப்பாக்குங்கள்.

நம் கரிசல் காட்டில் வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்கு அந்த நோட்டில் பூச்சியம்தான் வரும். பிள்ளைகள் சலித்துப்போவார்கள். அப்போது ஒன்றைச் சொல்லுங்கள். பூச்சியம் ஓர் அளவீடு. ‘போய்ப் பார்த்தேன், மழை இல்லை’ என்று அதற்குப் பொருள். வெற்றிடம் அளவீடு அல்ல. ‘நான் போகவில்லை’ என்று அதற்குப் பொருள். போகாத நாளில் பூச்சியம் போடக் கூடாது, ‘அளக்கவில்லை’ என்று எழுத வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை ஆறாம் வகுப்பில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, பிறகு எத்தனை பெரிய ஆய்வேடு எழுதினாலும் நேர்மையைப் பற்றித் தனியாக யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவரவர் பள்ளியில் பாத்திரத்தை வைத்து, நோட்டில் முதல் வரியை எழுதிவிடுங்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது அந்த நோட்டுகளை எடுத்து வாருங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் டிக் அடிக்க, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.